எதிரே வந்தவள்

துபாயிலிருந்து திரும்பும்போது என் கணவர் கங்காதரன் நாலு பவுன் தங்கம் வாங்கி வந்திருக்கலாம். வீடியோ காமிரா வாங்கி வந்தார். சேலையூரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சண்டை போட்டேன். "இருக்கட்டும் ரேணு, உதவும்" என்றார். உதவத்தான் செய்தது. ஆனால் தொண்ணூறில் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததற்கு அப்புறம்தான்.

அடுத்த வருஷம் எங்கள் தென்னை மரத்துக் காய்கள் பட்டப்பகலில் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தால் பாதியில் நிற்காது. மாடி ஜன்னலில் காமிராவை வைத்து, மரமும் பக்கத்துச் சந்தும் தெரிகிற மாதிரி திருப்பி, ஒரு காலை முழுக்க ஓடவிட்டேன். திருடன் சிக்கவில்லை. கேசட்டை பீரோவில் போட்டு மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து கேம்ப் ரோட்டுக்குப் போக அந்தச் சந்து ஒன்றுதான் வழி. சந்தை ஒட்டி என் கொழுந்தனார் வீராசாமியின் வீடு. தொண்ணூற்றிரண்டில் நான் ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சந்தின் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். திரும்பி வந்த நான் பின்பக்கச் சாக்கடையைத் தாண்டி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தேன். வழியில்லாத வீட்டை வேறு யார் வாங்குவார்கள்? அவர்தான் வாங்குவார், அவர் வைத்த விலைக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனேன்.

கோர்ட்டில் அவர் கூசாமல் ஒரு கதை சொன்னார். சுவர் எண்பத்தொன்பதிலேயே கட்டியதாம். அண்ணன் உயிரோடு இருந்தபோது, அண்ணன் சம்மதத்தோடு கட்டியதாம். இல்லை என்று சொல்ல அண்ணன் வரப்போவதில்லை.

அப்போதுதான் கேசட் ஞாபகம் வந்தது. அதில் சந்து திறந்து கிடந்தது, சுவர் இல்லை. அது என் கணவர் இறந்த பிறகு எடுத்தது என்று நிரூபித்துவிட்டால் வீராசாமியின் கதை அவ்வளவுதான். ஆனால் படத்தின் மூலையில் தேதி ஜனவரி ஒன்று, எண்பத்தெட்டு என்று இருந்தது. காமிராவில் தேதியை யாரும் சரியாக வைத்ததே இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்களை எடுத்துப் பாருங்கள், ஊரே ஜனவரி ஒன்றாம் தேதி தாலி கட்டியிருக்கும்.

தேதி போகட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டது என் நெற்றியை. படத்தில் நான் பால் வாங்கிக்கொண்டு சந்தில் நடந்து வருகிறேன். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. "ஊர்ப்பக்கத்துக் குடும்பத்தில் புருஷனை இழந்த பெண் இப்படி இருப்பாரா? அப்போது இவர் புருஷன் இருந்திருக்கிறார். ஆக, இது எண்பத்தொன்பதுக்கு முந்தின படம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கருமாதி அன்று என் பொட்டை அழிக்க வந்த பெண்களைத் தடுத்ததே இந்த வீராசாமிதான். "அண்ணி எப்பிடி கீறாங்களோ அப்பிடியே இருக்கட்டும். எவளும் கை வெக்காதீங்க" என்று சபையில் கத்தினார். அந்த ஒரு வார்த்தைக்காக, சுவர் வைத்த பிறகும் அவரை முழுசாக வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அந்தப் பொட்டையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

என் வக்கீல் ஸ்ரீரங்கன் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பல தடவை போட்டுப் பார்த்தார். என்ன கண்டுபிடித்தார் என்று என்னிடம் சொல்லவில்லை. "நீங்க டென்ஷன் ஆயிடுவீங்கம்மா" என்றார்.

விசாரணை நாளில் டீவியும் டெக்கும் கோர்ட்டுக்கு வந்தன. வீராசாமி கூண்டில் நின்றார். ஸ்ரீரங்கன் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது சகுனம் பார்ப்பீங்களா?"

"பாப்போம் சார். எங்க அப்பா காலத்துலேர்ந்தே அப்பிடித்தான்."

"சுமங்கலி எதிர்ல வந்தா திரும்பிடுவீங்களா?"

வீராசாமி சிரித்துவிட்டார். "இன்னா சார் இது? சுமங்கலி எதுர்ல வந்தா நல்லது. எவனாவது திரும்புவானா?"

படம் ஓடியது. நான் தெருப் பக்கமிருந்து பால் தூக்கைப் பார்த்தபடி குனிந்து வருகிறேன். வீராசாமி பட்டுக்கரை வேட்டி கட்டி, பழத்தட்டோடு தன் வீட்டிலிருந்து சந்தில் இறங்குகிறார். தலையைத் தூக்குகிறார். என்னைப் பார்க்கிறார். சட்டென்று திரும்பி உள்ளே போய்விடுகிறார். நான் கடந்து போன பிறகு, தண்ணீர் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு, அதே தட்டோடு மறுபடி வந்து கிளம்புகிறார்.

இதை நான் பார்த்ததே இல்லை. கேசட்டை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். முதலில் தேங்காயைப் பார்த்தேன், அப்புறம் சுவர் இல்லாத இடத்தைப் பார்த்தேன். இவர் போவதையும் வருவதையும் நான் எதற்குப் பார்க்கப்போகிறேன்?

முன்சீப் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் திரும்பினீங்க?"

வீராசாமி தன் வக்கீலைப் பார்த்தார். அவர் ஏதோ பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றார் முன்சீப்.

"பொண்ணுக்கு சம்பந்தம் பேசப் போய்கினு இருந்தேங்கய்யா. நல்ல காரியம். அண்ணி எதுர்ல வந்துகினு இருந்தாங்க. அண்ணன் வேற..." அதோடு நிறுத்திவிட்டார். நிறுத்தினாலும் போதுமானதாக இருந்தது. முன்சீப் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே போனார். படம் எடுத்தபோது நான் விதவை என்று இவரே ஒப்புக்கொண்டாகிவிட்டது. எண்பத்தொன்பதில் கட்டிய சுவர் அந்த நிமிஷமே இடிந்தது.

ஸ்ரீரங்கன் என் பக்கம் குனிந்து, "வழி கிடைச்சாச்சும்மா" என்று கிசுகிசுத்தார். நான் தலையை ஆட்டினேன். வீடு தப்பியது என்ற சந்தோஷம் நிஜம்தான். ஆனால் அது முழுசாக இல்லை. என்னைப் பார்த்ததும் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதை ஒரு கோர்ட்டே பார்த்து, ஆமாம் சரி என்று குறித்துக்கொண்டது. எனக்கென்று ஊரில் ஒரு ஆள் பேசினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் போயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் வீராசாமி எனக்காக நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அண்ணி, அன்னிக்குப் பொட்ட அழிக்கக் கூடாதுன்னேனே, அது மனசாரத்தான் சொன்னேன்."

"தெரியும் தம்பி."

"அப்பால நான் திரும்பினது..."

"அதுவும் மனசாரத்தான்" என்றேன்.