உள்ளேன் ஐயா

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சவுக்குத்தோப்பு எத்தனையோ முகாம்களைப் பார்த்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் நில அளவைக்காரர்களின் கூடாரம், பிறகு சாரணர் முகாம், அப்புறம் சபை வாலிபர் முகாம். இப்போது சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வார இறுதியில் மண்ணில் படுத்துப் பார்ப்பதற்கு வாடகைக் கூடாரம். இந்தப் பெருமையையெல்லாம் வாசலில் வைக்கப் பலகையில் எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி சதாசிவம். எழுதியவள் மேனேஜர் சாராள்.

"சுனாமி கேம்ப் மட்டும் வாணாம்மா. அத்தப் படிச்சா ஒருத்தனும் கடல்ல கால் வைக்க மாட்டான்" என்றார் அவர்.

சாராள் அந்த வரியை விட்டுவிட்டாள். அவளுக்கும் அது வசதிதான். ஏழு வயதில் இதே தோப்பில் அந்தக் கேம்பில் இருந்தவள் அவள்.

ஞாயிறு காலை பத்து மணி. கடலில் குளித்துக் கரையேறியவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டாள். இருபத்துநான்கு பேர். "பிரசன்ட்", "யெஸ் மேடம்" என்று கும்மாளமாகப் பதில் வந்தது.

"தேஜஸ்."

"உள்ளேன் ஐயா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு பெண்ணைப் பார்த்து 'ஐயா'வாம்! யாரோ குரலை மாற்றிக் கிண்டலடிப்பதாக நினைத்து, சாராளும் சிரித்தபடியே டிக் போட்டுவிட்டாள். இருபத்துநான்கு பெயர், இருபத்துநான்கு பதில். நோட்டை மூடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது சின்னப் பெண்ணின் குரல். சொல்வதற்கு முன்னால் அவசரமாக மூச்சிழுக்கும் குரல். இந்தக் குரல் எப்படி மறக்கும்? அது ஏழு வயதில் அவளுக்கிருந்த குரலேதான்.

அவள் படித்தது ஓராசிரியர் பள்ளி. எல்லா வகுப்பும் ஒரே அறையில். தம்பி ஜோயல் பாதி நாள் கடற்கரைக்கு நழுவிவிடுவான். அவன் பெயருக்கு இவள்தான் "உள்ளேன் ஐயா" சொல்லுவாள். அலை அடித்த அன்று மாலை, கேம்பில் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். "ஜோயல்" என்றதும் இவள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்து கேட்கும்வரை, இரண்டு நாள் அவனை யாரும் தேடவில்லை. அப்புறம் தேடி என்ன புண்ணியம்? கிடைக்கவே இல்லை.

"தேஜஸ் யாரு? கைய தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. சிரிப்பு அடங்கியது.

"இங்கதானே இருந்தான்..." என்று இழுத்தாள் அவனோடு வந்திருந்த ரக்ஷா.

சாராள் படகுக்காரர் தாவீதை நோக்கி ஓடினாள். "அண்ணாத்த, படகத் தள்ளு! ஒருத்தரு தண்ணிலயே கீறாரு!"

"கணக்கு சரியாகீதுன்னு சிரிச்சிகினு இருந்தியே?"

"பொய்யி! அது நான் சொன்ன பொய்யி!"

அலைக்கு அப்பால் ஒரு தலை முங்கி முங்கி எழுந்தது. தாவீது முடியைப் பிடித்துத்தான் படகில் இழுத்துப் போட்டார். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் அவ்வளவுதான். மணலில் குப்புறக் கிடந்து உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு, தேஜஸ் மெல்லக் கேட்டான்.

"நான் கத்திட்டே இருந்தேன். கரையில ஒரு பொண்ணு எனக்குப் பதிலா 'உள்ளேன்'னு சொல்லிச்சு. யாருங்க அது?"

அலை இரைச்சலைத் தாண்டி அவ்வளவு தூரத்துக்கு எந்தக் குரலும் கேட்காது. தாவீது சாராளைப் பார்த்தார்.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியதும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சாராள் தோப்பில் தனியாக நின்று நோட்டை மறுபடி திறந்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை எழுதி, சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஜோயல்."

காற்று நின்றிருந்தது. அவள் இடுப்புயரத்தில், முதுகுக்குப் பின்னால், யாரோ அவசரமாக மூச்சிழுத்தார்கள்.

"வாணாம்" என்றாள் சாராள், திரும்பிப் பார்க்காமல். "நீ சொல்லாத கண்ணு."

இழுத்த மூச்சு மெதுவாக வெளியேறியது. யாரும் பதில் சொல்லவில்லை. இருபத்தோரு வருடம் கழித்து, தம்பியின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டுவைத்த அந்த வரியை எழுத, பெயின்ட் டப்பாவோடு வாசல் பலகைக்குப் போனாள்.