கட்டிலுக்கடியில் பெரியவர்

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளை மறுபடியும் உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தான் கடைக்குட்டி. உள்ளே நடக்க வழியில்லை என்று சற்று முன்னால் அவற்றை வெளியே தூக்கிப் போட்டதும் அவன்தான். வந்தவர்கள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அவனையே பார்த்தார்கள். அண்ணன் போன துக்கத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தவிக்கிறான், பாவம் என்று யாரோ ஒரு பெண்மணி சொன்னது காதில் விழுந்தது. துக்கம் இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் அவனை உட்காரவிடாமல் செய்தது அது மட்டுமில்லை. நாற்காலியோடு கூடத்தைக் கடக்கும்போதெல்லாம், திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியாக அவன் கண் கட்டிலுக்கடியில் போய்விட்டு வந்தது.

அங்கே கான்வாஸ் பைக்குள் பெரியவர் படுத்திருந்தார்.

பெரியவர் ஒரு கிட்டார். அண்ணன் பிறப்பதற்கு முன்பே செய்தது. ஒரு ஹோட்டலின் இசைக்குழு கலைந்து சாமான்களைத் தள்ளிவிட்டபோது அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். “இனிமே வீட்டுல இதுதான் பெரியவர். நான் நடு. நீ கடைக்குட்டி” என்று அன்று அண்ணன் சொன்னது அப்படியே நின்றுவிட்டது. தலை நரைத்து, ஊரில் பாதி லிஃப்டுகளை ரிப்பேர் செய்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவன் கடைக்குட்டிதான்.

ஆறு மாதம் அண்ணன் வீட்டில், ஆறு மாதம் தம்பி வீட்டில் என்பது ஏற்பாடு. அதில்தான் சிக்கல். அண்ணன் இடக்கைக்காரர். கிட்டாரில் தடித்த கம்பி மேலே இருந்தால்தான் வாசிக்கிறவன் கைக்கு வாகு. அண்ணன் வாங்கி இடக்கைக்குத் திருப்பிப் பிடித்தால் மேலே இருந்தது கீழே போய்விடும். அதனால் பெரியவர் வீடு மாறும்போதெல்லாம் ஆறு கம்பிகளையும் அவிழ்த்து, வரிசையைத் தலைகீழாக்கிக் கட்ட வேண்டும். கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் சிறு எலும்புத் துண்டையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அதன் பள்ளங்கள் அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு அராவப்பட்டவை. ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தார்கள். ஒன்று கிட்டாரில் இருந்தால் மற்றது பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் தூங்கும்.

இந்த வேலையெல்லாம் வாங்குகிறவன் தலையில். அது அண்ணன் போட்ட சட்டம்.

“ஒரு தடவையாச்சும் மாத்திக் குடுக்கக் கூடாதா?” என்று ஒவ்வொரு முறையும் கடைக்குட்டி கேட்பான்.

“என் கம்பியை என் கையாலயே நான் எதுக்கு அவுக்கணும்? வேணுங்கறவன் அவுத்துக்க” என்பார் அண்ணன். வாழ்நாள் முழுக்க ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் தன் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர். அவ்வளவு சுலபமாக எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை.

போனில் பேசினாலும் இருவருக்கும் பேச்சு பெரியவரைப் பற்றித்தான். வெயிலுக்குப் பெரியவர் எப்படி இருக்கார், மழைக்குப் பெரியவர் எப்படி இருக்கார். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதாகக் கடைக்குட்டிக்கு ஞாபகமே இல்லை. போன மாதம் பேசியபோதுகூட அப்படித்தான்.

“முன்னாடியே வந்து எடுத்துட்டுப் போயேன்டா” என்றார் அண்ணன்.

“உன் முறை இன்னும் முடியலையே. நீயே வாசி.”

“வந்தாத்தான் என்ன?”

“முடியட்டும், வரேன்.”

முன்னதாக எடுத்தால், அடுத்த தடவை முன்னதாகவே திருப்பிக் கேட்பார், அதற்குத்தான் அடி போடுகிறார் என்று அவன் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், அண்ணன் கூடத்தில் கிடக்கும்போது கட்டிலுக்கடியில் கண் போகிறதே, அது. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டிவிட்டு இன்னொரு நாற்காலியைத் தூக்கினான்.

“தம்பி, அதைக் கீழ வைங்க. ஒரு விஷயம் பேசணும்” என்றார் அண்ணியின் அண்ணன். தபால் ஆபீஸில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து இந்த வீட்டுக்கும் அவர்தான் மேலதிகாரி. “வண்டி வர நேரமாச்சு. நான் என்ன நினைக்கிறேன்னா, அந்தக் கிட்டாரையும் பெட்டிக்குள்ளயே வெச்சிடலாம். அவர் கூடவே இருந்தது, கூடவே போகட்டும்.”

கூடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் மகள் அப்பாவின் தலைமாட்டிலிருந்து முகத்தை நிமிர்த்தினாள். “ஆமா மாமா. அப்பா நெஞ்சு மேல வைக்கணும். எப்பவும் புடிச்சிருப்பாரே, அந்த மாதிரி.”

அண்ணி மட்டும், “தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. பாதி அவங்களோடது” என்றாள்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல வாய் துடித்தது. மண்ணுக்குள் போட்டு மக்கவைக்கவா அது அத்தனை காலம் உழைத்தது, என் பாதியை நான் தரமாட்டேன், கழுத்து என் பாதி, எதையாவது சொல்ல வேண்டும். அழுது வீங்கியிருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் அவன் தோளில் தூங்கிப்போன பெண்.

“அதுக்கென்ன, வெச்சிடலாம்” என்றான்.

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. யாருக்கும் முகத்தைக் காட்டாமல் படுக்கையறைக்குள் போனான். குனிந்து பையை இழுத்தான். தூசி இல்லை. அண்ணி பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள்.

“கடைசியா இதோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தார் தம்பி. குறடை எடு, துணியை எடுன்னு என் உயிரை வாங்கிட்டார். அதுக்கப்புறம் வாசிச்சாரான்னா, அதுவும் இல்ல. கொஞ்சம் முறுக்குவார், மூச்சு வாங்கும், படுத்துக்குவார். மறுபடி எழுந்து உக்காருவார். ஒரு நாள் தாங்க முடியாம சத்தம் போட்டுட்டேன். இந்த நிலைமையில இது உங்களுக்குக் கேடான்னு கேட்டுட்டேன்.” சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புதுக் கம்பி போட்டிருப்பார் அண்ணி. அடிக்கடி போடுறதுதானே” என்றான் அவன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். வேறு எதையும் நினைத்துப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

பையைத் திறக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. பார்த்தால் விடமாட்டோம் என்ற பயம். உள்ளே வந்த அண்ணன் மகளிடம், “நீயே எடும்மா” என்று சொல்லிவிட்டு ஜன்னலருகே போய் நின்றான். தெருவில் ஓட்டுநர் பள்ளியின் கார் நின்றது, மேலே பயிற்சி வண்டி என்ற பலகையோடு. அண்ணனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அதைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

பின்னால் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, அப்பா பிடிக்கிற மாதிரியே, கழுத்து வலப்பக்கம் போக மடியில் வைத்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. குழந்தையாக அப்பா மடியில் உட்கார்ந்து, மேலே இருக்கும் தடித்த கம்பியை மட்டும் ஒரு விரலால் இழுத்துவிடுவாள். வீடு முழுக்க ‘டொம்’ என்று கேட்கும். அதைக் கடைசியாக ஒருதரம் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். இழுத்தாள்.

மெல்லிய குரலில் ‘டிங்’ என்றது.

“சித்தப்பா” என்றாள். “மேல மெல்லிசுக் கம்பி இருக்கு.”

அவன் திரும்பவில்லை. “இருக்காதும்மா. உங்கப்பா கிட்டார்ல மேல தடிச்சதுதான் இருக்கும்.”

“இல்ல, நீங்களே வந்து பாருங்க.”

வந்து பார்த்தான். அவள் சொன்னது சரி. முறுக்காணிகளில் கம்பியின் மிச்ச முனைகள் வெட்டப்படாமல் சுருண்டு நீட்டிக்கொண்டிருந்தன. அப்படி விடுவது அண்ணன் பழக்கம். கடைக்குட்டி கட்டினால் ஒட்ட நறுக்கிவிடுவான், அதற்காகவே சண்டை போட்டிருக்கிறார்கள். கழுத்தின் தலைப்பைத் தொட்டுப் பார்த்தான். அவன் அராவி, கை தவறி ஓரத்தில் கீறல் விழுந்த அவனுடைய எலும்புத் துண்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

“என்ன சித்தப்பா?”

அவள் மடியிலிருந்த கிட்டாரின் கழுத்தைப் பிடித்து மெல்ல இடப்பக்கமாகத் திருப்பினான். தடித்த கம்பி மேலே வந்தது. “இப்போ இழு” என்றான்.

டொம் என்று அறை அதிர்ந்தது. கூடத்தில் பேச்சு நின்றது.

“எனக்கு மாத்திக் கட்டி வெச்சிருக்கார்” என்றான்.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். “அதுக்கா குறடு கேட்டார்” என்றாள். பிறகு அதையே மறுபடியும் சொன்னாள். அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வந்து எடுத்துட்டுப் போயேன்டா என்றாரே. வந்தால்தான் என்ன என்றாரே. அழுகை வெடித்துக்கொண்டு வந்தது, அவன் அடக்கப் பார்க்கவில்லை.

“வண்டி வந்தாச்சு” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “கிட்டாரைக் கொண்டாங்க.”

“கிட்டார் வேணாம் மாமா” என்றாள் அண்ணன் மகள். “அது சித்தப்பாவோடது.”

அவள் கிட்டாரைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து கைவிட்டுத் துழாவினாள். துணியில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்று கிடைத்தது. எதுவும் கேட்காமல் அவனிடம் நீட்டினாள். அண்ணனின் துண்டு. வருஷக்கணக்கில் கம்பி உரசிப் பள்ளங்கள் மழுங்கி, மஞ்சளேறியிருந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். பெட்டியை மூட நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அண்ணனுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்தார்கள். சட்டைப் பையில் போடக் குனிந்தவன், கையை நிறுத்தினான். சட்டைக்காரன் எல்லாம் பையை இடப்பக்கம் வைத்துத் தைக்கிறான், இடக்கைக்காரன் எப்படிடா பேனாவை எடுப்பான் என்று அண்ணன் எப்போதும் அலுத்துக்கொள்வார்.

விறைத்திருந்த இடக்கையைச் சற்று நகர்த்தி, பேண்ட்டின் இடப்பக்கப் பைக்குள், கைக்கு எட்டுகிற மாதிரி அதைப் போட்டான்.