கையுறையோடு பறித்த களாக்காய்

பூட்டுக்காரருக்குக் களாச்செடியை அடையாளம் காண அரை நிமிடம் போதும். களாவைப் போலப் பால் வடிகிற எல்லாச் செடியின் காயையும் வாயில் வைத்துவிட முடியாது. அதனால் எதிரெதிர் இலை, கணுவுக்குக் கணு ஜோடி முள், நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ, மூன்றும் பொருந்தினால்தான் கூடையை இறக்குவார்.

பழுத்ததைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. காய் சிவப்பு, பழம் கறுப்பு என்பார்கள். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டு. பிறவியிலேயே அப்படி. கல்யாணமாகி எட்டு மாதமாகியும் மனைவியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விரலால் அமுக்கி, மெத்தென்று இருப்பதை மட்டும் பறித்து அவளிடம் கொடுத்து ஒப்பேற்றி வந்தார்.

போன வாரம் முள் கையைக் கிழித்து இரண்டு நாள் பூட்டுக் கடை திறக்க முடியவில்லை. அதனால் இன்று அவள் தடித்த தோல் கையுறையை மாட்டி அனுப்பிவிட்டாள். கையுறைக்குள் விரல் மரக்கட்டை. குத்துமதிப்பாகப் பறித்துக்கொண்டு அவளுடைய பேக்கரிக்கு வந்தார்.

கூடையைக் கவிழ்த்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது! பாதிக்குப் பாதி செக்கச்செவேல்னு காயா இருக்கு. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"அவசரத்துல..."

"பன்னெண்டு மணிக்குக் களாக்காய் ஜெல்லி ருசி பாக்க ஓட்டல் மேனேஜர் வந்துருவார். ரெண்டு தடவை ஜெல்லி உறையாம தண்ணியா ஓடுச்சு. இன்னிக்கும் சொதப்பினா ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போயிரும்."

வேறு வழியில்லை. உப்புத் தண்ணீரில் அலசிப் பிசின் போக்கி, வேகவைத்து, துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினாள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தாள். சொட்டு அசையவில்லை.

மேனேஜர் ருசி பார்த்தார். வாரா வாரம் இருபது பாட்டில் கேட்டுவிட்டுப் போனார். அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"காய்லதான் உறைய வைக்கிற சத்து இருக்குபோல. தெரிஞ்சேதான் கலந்தீங்களா? சரியான கள்ளன்!"

'ஆமா' என்றால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அடுத்த வாரமும் கூடையோடு போக வேண்டுமே.

"எனக்குச் சிவப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாதும்மா. இத்தனை நாளும் அமுக்கிப் பாத்துத்தான் பறிச்சேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எட்டு மாசமா?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப முதமுதல்ல பாத்தன்னிக்கு, என் குடைக் கலர் பிரமாதம்னீங்களே?"

"வேற என்ன பேசுறதுன்னு தெரியல. குடையையா பாத்தேன்?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. காட்டிக்கொள்ளாமல் வலது கையுறையை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இடது கையில மாட்டிக்கிட்டுக் கிளையப் பிடிங்க. வலது கையால அமுக்கிப் பாருங்க. மெத்துனு இருக்கிறது ரெண்டு பங்கு, கல்லு மாதிரி இருக்கிறது ஒரு பங்கு. கலரை யாரு கேட்டா?"