கடலைச் சாத்து

அவளை அந்தச் சினிமா ரசிகர் வட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நாத்தனார். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்களே அண்ணி, ஞாயிற்றுக்கிழமையாவது நாலு மனுஷர் முகத்தைப் பாருங்கள் என்பது நாத்தனாரின் வாதம். அந்தக் கம்ப்யூட்டரில் அண்ணி என்ன செய்கிறாள் என்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ டைப் அடிக்கிற வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். புருஷனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும்.

அவள் செய்தது சப்டைட்டில் எழுதும் வேலை. வெளிநாட்டுப் படங்களின் வசனம் ஆங்கிலத்தில் அவளுக்கு வரும்; அதைத் தமிழாக்கிப் படத்தின் அடியில் பொருத்த வேண்டும். வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, இரண்டு வரிக்கு மேல் கூடாது, திரையில் பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் பார்க்கிறவர் படித்து முடித்திருக்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் நானூறு படங்கள் தாண்டிவிட்டன. கொலைகாரனுக்கும் அவள்தான் பேசினாள், பாதிரியாருக்கும் அவள்தான் பேசினாள். எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. வரவேண்டும் என்று அவளும் கேட்டதில்லை.

ரசிகர் வட்டம் கூடும் இடம் ஒரு பல் டாக்டரின் கிளினிக். ஞாயிறு விடுமுறை என்பதால் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சுவரில் பாதியாக அறுத்துக் காட்டிய கடைவாய்ப்பல் ஒன்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர்தான் தலைவர். முப்பது வருஷமாக வாயைப் பிளந்து கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர். தான் பேசும்போது எதிராளி பதில் சொல்லக்கூடும் என்கிற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. அவருக்கு அடுத்த நாற்காலியில் தாடி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, ஆனால் இணையத்தில் சினிமாவைப் பற்றி எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவனுக்குத் திருப்தி. மூன்றாவது ஆள் லிப்ட் மெக்கானிக். கட்டிடத்தின் லிப்டைப் பழுது பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ கொடுத்தார்கள் என்று உட்கார்ந்தவர், அப்படியே தங்கிவிட்டார். நாலாவது ஆள் அவள் நாத்தனார். கீழே இருக்கும் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், படம் பார்ப்பதைவிடப் படத்தைப் பற்றிக் கேட்பதில் ஆசை உள்ளவள்.

முறை இதுதான். அந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லோரும் இணையத்தில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கடற்கரையோரக் குடிசையில் சாகக் கிடக்கும் ஒரு படகுக்காரன், அவனைப் பார்த்துக்கொள்ள வந்த மகள், இரண்டு மணி நேரம். பெயரைக் கேட்டதுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நாலு மாதத்துக்கு முன் அவள் எழுதிக் கொடுத்த படம். தன் வேலையை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. முதல் நாளே பெருமை பீற்றிக்கொள்வானேன் என்று அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒளிப்பதிவு, நடிப்பு இதெல்லாம் எல்லாரும் பேசுவதுதான், இந்தப் படம் முழுவதும் ஒரே ஒரு வசனத்தில் நிற்கிறது என்றார். கடைசிக்கு முந்தின காட்சி. வெளியே காற்று ஊளையிடுகிறது. கிழவன் போர்வைக்குள்ளிருந்து மகளைப் பார்த்து முணுமுணுக்கிறான்.

"கடலைச் சாத்து. குளிருது."

டாக்டர் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தாடி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் மூல வசனத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கிழவன் சொன்னது கதவைச் சாத்து என்று. ஆங்கிலத்தில் அது மூன்றே வார்த்தை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முந்தின வரிகளில் கடல் கடல் என்று பத்து முறை வந்திருந்தது. 'க' என்று தட்டியதுமே கம்ப்யூட்டர் கடலை எடுத்து நீட்டியிருக்கும், அவளும் அவசரத்தில் அதை வாங்கிப் போட்டிருப்பாள். சரிபார்க்க வேண்டியவரும் பார்க்கவில்லை. தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

தாடி அந்த ஒரு வரியைப் பற்றி மூவாயிரம் வார்த்தை எழுதியிருப்பதாகச் சொன்னான். அந்தக் காட்சியைப் படமெடுத்துத் தன் போன் முகப்பில் வைத்திருந்தான், எல்லோருக்கும் காட்டினான். வாழ்நாள் முழுக்கக் கடலைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்ந்தவன், போகும்போது அதைச் சாத்தச் சொல்கிறான் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உண்மையிலேயே கம்மியது. அவன் அப்பா போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது என்று நாத்தனார் பிறகு சொன்னாள்.

லிப்ட் மெக்கானிக் மட்டும் கொஞ்சம் இழுத்தார். தான் முதலில் வேர்க்கடலைப் பொட்டலத்தைத்தான் மூடச் சொல்கிறார் என்று நினைத்ததாக ஒப்புக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பொண்ணு எழுந்து போய்க் கதவைத்தானே சாத்துது?"

"அதுதான் படமே," என்றார் டாக்டர். "அப்பா கேட்டது கடலை. அவளால முடிஞ்சது கதவு."

அவளுக்கே ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான், இது என் தப்பு அல்லவா என்று ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிய கையோடு கோப்பைத் திறந்து பார்த்தாள். கடல்தான். மேற்பார்வையாளருக்கு விளக்கமாக எழுதினாள்: தவறு என்னுடையது, உடனே திருத்திக் கொடுத்துவிடுகிறேன், மன்னிக்கவும். ஒன்பது வருஷத்தில் அவள் எழுதிய முதல் மன்னிப்பு அது. அவர் மறுநாள் காலையில் போன் செய்தார். படம் வந்து மூன்று மாதம் ஆகியும் ஒரு புகார்கூட இல்லை, நீங்களாக வந்து சொல்கிறீர்களே, இப்படி ஒரு ஆளா என்று மெச்சினார். அந்த வாரமே திருத்தம் ஏறிவிட்டது. பல்லில் மாட்டிக்கொண்டிருந்த நார் போன மாதிரி அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வட்டத்துக்குப் போனபோது கூடத்தில் இழவு வீட்டுக் களை இருந்தது. டாக்டர் தன் மைத்துனரைக் கூட்டி உட்காரவைத்து, இப்போது பார், இப்போது பார் என்று உசுப்பேற்றி அந்தக் காட்சி வரை கொண்டுவந்திருக்கிறார். கிழவன் கதவைச் சாத்து என்று சொல்லியிருக்கிறான். மைத்துனர், சரி சாத்தட்டும், அதுக்கென்ன என்று கேட்டிருக்கிறார். அந்த அவமானத்திலிருந்து டாக்டர் இன்னும் மீளவில்லை.

எவனோ ஒரு குமாஸ்தா செய்த வேலை என்றான் தாடி. அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு கவிதையைச் சரிபார்த்திருக்கிறான், மாட்டுக்குப் புல்லும் ஒன்றுதான் பூவும் ஒன்றுதான் என்றான். படத்தை வெளியிடும் நிறுவனத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் தயாராக இருந்தது. மூன்று பக்கம். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனா சுற்றி வந்தது. பேனா அவள் கைக்கு வந்ததும் இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது.

"அந்த சப்டைட்டில் நான் எழுதினது," என்றாள். "என் வேலையே அதுதான். கதவுன்னு எழுதறதுக்குப் பதிலா கை தவறிக் கடல்னு அடிச்சுட்டேன். அன்னிக்கு நீங்க பேசினதைக் கேட்டப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. நான்தான் சொல்லித் திருத்தினேன்."

நாத்தனார் அவளை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். டைப் அடிக்கிற வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவளுக்குப் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று விளங்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கடல்னு எழுதினது நீங்க."

"ஆமா டாக்டர்."

"அதைக் கதவுன்னு மாத்தினதும் நீங்க."

"ஆமா."

அவர் குரல் கனிந்துவிட்டது. வலிக்காது, கொஞ்சம்தான் என்று சொல்லி ஊசியை எடுக்கும்போது வரும் குரல். "நீங்க தப்பு பண்ணல மேடம். உங்களுக்குத் தெரியாம உங்க கை ஒரு காரியம் செஞ்சிருக்கு. தெரிஞ்சு செஞ்சீங்க பாருங்க, அதுதான் தப்பு."

படத்தில் கிழவன் சொல்லுவது கதவுதான், மூலத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று அவள் மன்றாடினாள். அந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்றான் தாடி. அதை எழுதிய ஆளுக்கே தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, அதைப் போய் அழித்துவிட்டீர்களே என்று அங்கலாய்த்தான். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிடாமல், மறுபடி குரங்காக்கி வைத்துவிட்டு வந்து நிற்கிறீர்களே என்று டாக்டரும் வருத்தப்பட்டார். கடைசியில் கடிதத்தில் குமாஸ்தா என்கிற வார்த்தையை மட்டும் அவள் முகத்துக்காக அடித்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இவ்வளவு மரியாதையாக, டீயும் பிஸ்கட்டுமாக நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

தாடியின் கட்டுரையும் கடிதமும் இணையத்தில் சுற்றின. பத்து நாளில் மேற்பார்வையாளர் போன் செய்தார். இந்த முறை மெச்சவில்லை. தமிழ் சப்டைட்டிலைப் பற்றி நிறுவனத்துக்கு இதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை, இப்போது இருநூறு வந்திருக்கின்றன, மேலிடத்தில் எல்லோரும் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"ஒழுங்காத்தானே போயிட்டிருந்துச்சு மேடம். உங்களை யார் திருத்தச் சொன்னது?"

"தப்பு சார் அது."

"இருக்கட்டுமே."

கடல் திரும்ப ஏறியது. அவளே தன் கையால், இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, தப்பைத் தப்பில்லாமல் அடித்தாள். இன்னொரு காரியமும் நடந்தது. இனி அவள் எழுதும் படங்களில் அவள் பெயரையும் போடுவது என்று மேலிடம் முடிவு செய்தது. அடுத்த படத்தின் கடைசியில், கார் ஓட்டியவர்களுக்கும் நாய் பழக்கியவருக்கும் அப்புறம், இரண்டு விநாடி அவள் பெயர் ஓடியது. புருஷன் ரிமோட்டை அழுத்தி நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டான். நாத்தனார் மருந்துக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தன் அண்ணி சினிமாவில் இருப்பதாகச் சொன்னாள். மாத்திரை வாங்க வந்த ஒருவர் எந்த வேஷம் என்றுகூடக் கேட்டார்.

அந்தப் படத்துக்கு அவள் உயிரைக் கொடுத்திருந்தாள். பெயர் வரப்போகிறதே. நீதிமன்றத்தில் நடக்கும் கதை. வக்கீல்கள் மாறி மாறிப் பொரிந்து தள்ளுவார்கள். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சத்தமாகப் படித்துப் பார்த்து, நாக்கில் தடுக்கிய இடமெல்லாம் செதுக்கினாள். ஒரு சொல் பிசகவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

வட்டத்தில் அதைப் பேசிய ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். "குறை ஒண்ணும் சொல்ல முடியாது."

தாடி அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. கடல் படத்தில் இருந்த அந்தக் கை இதில் இல்லை, புகழ் வந்ததும் ஜாக்கிரதை வந்துவிடுகிறது, பெரிய கலைஞர்கள் பலருக்கும் நேர்வதுதான், மனதைத் தளரவிடாதீர்கள் என்றான். நாத்தனார்கூட, நடுவில் எங்காவது ஒன்றிரண்டு கடல் மாதிரி வரும் என்று கடைசி வரை காத்திருந்ததாகச் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. தப்பைக் கொண்டாடியவர்கள் சரியைக் கொண்டாடவில்லை என்று அழுவதா என்று தன்னையே அதட்டிக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

எல்லோரும் எழுந்தபின் லிப்ட் மெக்கானிக் அவளோடு லிப்டில் இறங்கினார். அவர் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இரண்டாவது மாடி தாண்டும்போது, கதவுப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு இந்தப் படம்தான்ங்க பிடிச்சுது. படிக்கிறோம்கிற நெனப்பே வரல. அவங்க தமிழ்லயே பேசற மாதிரி இருந்துச்சு."

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி மேலே வந்தது. அப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மூன்று முறை சத்தமாகப் படித்தது. நன்றி சொல்ல வாயெடுத்தபோதுதான், அதே படத்துக்குத் தமிழ் டப்பிங்கும் அதே நாளில் வந்தது ஞாபகம் வந்தது. அதை எழுதியது வேறு யாரோ.

சப்டைட்டிலோடு பார்த்தீர்களா, டப்பிங்கில் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். லிப்ட் தரைத்தளத்தில் நின்றது. கதவு திறந்தது. ரொம்ப நன்றி அண்ணே என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகத் தெருவில் இறங்கி நடந்தாள்.