தகர வால் முளைத்த திறந்த கார்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. 1962இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜானவாச ஊர்வலம், அதாவது மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த திறந்த காரைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு அவலட்சணம். இப்படியொன்றைச் செய்தவரோடு ஒருத்தி எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்தக் காரின் சொந்தக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே இனி வரும் காரும் ஆட்களும் கற்பனை.

2

திருச்சி பாலக்கரையில் அருள்நாதன் என்று ஒருவர்...

வேண்டாம். அவரிலிருந்து தொடங்கினால் கதை அவரை மன்னித்துவிடும். அவர் மனைவி செல்வமேரியிலிருந்து தொடங்குகிறேன்.

செல்வமேரி பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். கணவர் பாலக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கொடைக்கானலில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பழைய திறந்த காரை வாங்கிவந்து, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக வீட்டு வாசலில் நிறுத்தி அலங்கரிக்கத் தொடங்கினார். வந்தபோது அது அழகாக இருந்தது என்பதுதான் அவளுடைய கஷ்டம். முன்விளக்கிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஒரே மூச்சில் போட்ட கோடு. அதன்மேல் மாதத்துக்கு ஒன்றாக ஏதாவது ஏறியது. விளக்குகளுக்குப் புருவம். கதவில் மின்னல் வடிவத்தில் பளபளப்புப் பட்டை. அமெரிக்கக் கார்ப் படங்களைப் பார்த்துச் செய்த இரண்டு தகர வால்கள். போதாதென்று கீழே ரோஸ், மேலே இலைப்பச்சை.

ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "ஜோரா இருக்குல்ல, மேரி?" என்பார். அவள் "ம்" என்பாள்.

(அந்த "ம்"மை அடித்துவிட்டு "இருக்கு" என்று சொல்லவைத்துப் பார்த்தேன், பொய்யாகிவிட்டது. "இல்லை" என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும்.)

3

முதல் வாடிக்கைக்காரர் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து வந்தார். பெண்ணின் தகப்பனார். காரைச் சுற்றிவந்தார். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அருள்நாதன் கான்வாஸ் கூரையை இழுத்துப் போட்டுக் காட்டினார். கூண்டு வண்டிக்கு வால் முளைத்ததுபோல் ஆயிற்று. பெரியவர், மாப்பிள்ளை கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று இழுத்தார்.

அருள்நாதன் உடனே மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "இவ டிராயிங் டீச்சருங்க. நீயே சொல்லு மேரி, ஜோரா இருக்குல்ல?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வமேரிக்கு அந்த நிமிடம் கோபம்கூட வரவில்லை, அலுத்துப்போயிற்று.

"இல்லீங்க," என்றாள். "புருவம் வெச்சதுலேருந்து வண்டி பாதித் தூக்கத்துல எழுந்த மாதிரி முழிக்குது. நல்லா ஓடுற கோட்டை அந்த மின்னல் ரெண்டா ஒடிக்குது. வாலைப் பத்திப் பேசவே வேணாம். சும்மா விட்டிருந்தாலே அழகா இருந்திருக்கும்."

பெரியவர் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

4

[இங்கே அருள்நாதன் கத்துவதாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் கத்துகிற ஆள் இல்லை.]

காரின் பக்கப்படியில் உட்கார்ந்து வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை மாசமா ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க? கேள்வியோட பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க."

(வாசகர்களிடம் நான் மட்டும் என்ன, பதிலைச் சொல்லாமலா கேட்கிறேன்...)

எழுந்து உள்ளே போனார். இரும்பறுக்கும் ரம்பத்தோடும் ஒரு சாக்பீஸோடும் வந்தார். சாக்பீஸை அவளிடம் நீட்டினார். "கோடு போடு. அதுவரைக்கும் வெட்டிடறேன்."

செல்வமேரி இதை எதிர்பார்க்கவில்லை. குறை சொல்வது ஒன்று. அவர் ஆசையாகத் தட்டித் தட்டி வளைத்த தகரத்தில் வெட்டுக்கோடு போடுவது வேறு. முதலில் போட்டதை முந்தானையால் துடைத்தாள். முன்விளக்கிலிருந்து ஓடிவரும் பழைய கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, வாலின் குறுக்கே இழுத்து முடித்தாள்.

அருள்நாதன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கோடு கோணலா இருக்கே, மேரி."

5

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் வெட்டுகிறார், கார் பழைய அழகுக்குத் திரும்புகிறது, நானே நம்பவில்லை. இன்னொன்றில் கோட்டை அழித்துவிடுகிறார், அவள் உள்ளே போய் உலை வைக்கிறாள். மூன்றாவதில் அவள் சிரித்துவிட... அந்த வார்த்தையை எழுதியதும் செல்வமேரி என்னை முறைத்தாள்.

ரம்பம் இன்னும் தகரத்தைத் தொடவில்லை. அவர்கள் இருவரும் காருக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் வந்து குனிந்து பார்த்து, கோடு கோணலா நேரா என்று அவர்களிடமே சொல்லுங்கள்.