மறைத்து வைத்த ஒன்பது வரிகள்

அண்ணன் எழுதிய நத்தைப் புத்தகத்துக்குப் பக்கம் அமைத்தது நான். அதில் ஒன்பது வரிகள் அச்சாகாமல் போனதும் என்னால்தான்.

எங்கள் பதிப்பகத்தில் அறிவியல் நூல்கள்தான் அதிகம். அவற்றுக்கு நாங்கள் வைத்திருக்கும் மென்பொருளில் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அமைக்க முடியாது. எழுத்தோடு எழுத்தாகக் கட்டளைகளையும் தட்டச்சு செய்து ஓடவிட வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பக்கங்கள் அச்சு வார்த்ததுபோல வந்து விழும். ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் பாதியில் நின்றுகொண்டு, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தைக் காட்டி முறைக்கும். அந்த முறைப்புக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். பத்தொன்பது வருஷத்துப் பெயர். வேறு பதிப்பகங்களிலிருந்துகூட ஃபோன் வரும். "மேடம், நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரல. நான் ஒண்ணுமே மாத்தல" என்பார்கள். எதையோ மாற்றியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிதப்பும் சேர்ந்து வரும். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். பன்னிரண்டு வருஷம் நத்தைகளைத் தேடி அலைந்தார். "மெதுவா போறதுதானே, இவருக்கு மட்டும் என்ன இவ்வளவு அவசரம்?" என்று அண்ணி கேலி செய்வாள். கூடவே அலைந்தவர் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பட்டப்பகலிலும் டார்ச்சும் கையுமாகத் திரிந்ததால் டார்ச் என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. படிப்பு பள்ளியோடு சரி. ஆனால் ஈரச் சுவரின் விரிசலுக்குள் கடுகளவு நத்தை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எந்தத் தேதியில், எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை விரற்கடை உயரத்தில் என்று நோட்டில் எழுதி வைப்பார். ஓய்வு பெற்ற பிறகும் மழை வந்தால் முதல் ஆளாக அண்ணன் வீட்டு வாசலில் நிற்பார்.

அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் சில திருத்தத் தாள்களைக் கையால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு தாள் முன்னுரையில் சேர்க்க வேண்டிய பத்தி. எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டுக் கடைசியில் தேறியது அதுதான் என்றார். புத்தகத்தில் உள்ள நாற்பத்தோரு இனங்களில் இருபத்தாறை முதலில் கண்டவர் டார்ச்தான் என்று எழுதி, அவருடைய முழுப் பெயரையும் குறிப்பிட்டிருந்தார். 'பெயர் வைத்தவன் நான். பார்த்தவர் இவர்' என்று முடித்திருந்தார். அச்சில் ஒன்பது வரி.

தட்டச்சு செய்து சேர்த்தேன். அச்சுக்கு அனுப்பும் நாளன்று கோப்பு ஓடவில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்து அட்டவணையில் பிழை என்றது மென்பொருள். அட்டவணையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு பகுதியாக மறைத்துத்தான் பார்க்க வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஒரு சதவீதக் குறி போட்டால் மென்பொருள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. வரி கோப்பில் இருக்கும், பக்கத்தில் வராது. பாதிப் புத்தகத்தை மறைத்தேன், அப்புறம் கால்வாசியை. கடைசியில் கோளாறு முன்னுரையில் வந்து நின்றது. அண்ணன் சேர்க்கச் சொன்ன இன்னொரு திருத்தம் ஓர் அடிக்குறிப்பு. அதைத் திறந்த நான் மூடும் அடைப்புக்குறி போடவில்லை. அதற்குப் பின்னால் வந்த அத்தனையையும் அடிக்குறிப்பாகவே விழுங்கிக்கொண்டு போன மென்பொருள், அட்டவணை வந்ததும் விழி பிதுங்கி நின்றிருக்கிறது.

அடைப்புக்குறியை மூடினேன். மறைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தேன். அப்போது அச்சகத்துக்காரரின் ஃபோன்.

"என்னம்மா, மெஷின சும்மா போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். வருதா, வரலையா?"

"இதோ, அஞ்சு நிமிஷம்ணே."

பேசிக்கொண்டே ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. முன்னுரை முன்புபோலவே நான்கு பக்கம். அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். டார்ச்சைப் பற்றிய பத்தி மறைந்தபடியே இருந்தது. மறைத்த வரிக்காக எந்த மென்பொருளும் பிழை காட்டாது.

வெளியீடு கல்லூரி அரங்கில் நடந்தது. டார்ச் மடிப்புக் கலையாத சட்டையில், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் மகள்தான் முன்னுரையைப் பிரித்தாள். ஒருமுறை படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

"எங்கேப்பா, உங்க பேரு?"

"இருக்கும்மா. சார் போடறேன்னு சொன்னாரு. நல்லா பாரு."

அவரும் வாங்கிப் பார்த்தார். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த விரல் தெரிந்தது. பேச்சுகள் முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். புத்தகத்தை நாற்காலியில் விட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் ஆளாக நுழைந்து கோப்பைத் திறந்தேன். ஒன்பது வரி, ஒன்பது சதவீதக் குறி. அவற்றை நீக்கி ஓடவிட்டேன். பத்தி பளிச்சென்று வந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. அவருக்கு நான் இன்னமும் பாப்பா.

"பாப்பா, டார்ச் பத்தி எழுதினேனே, அந்தத் தாள உன்கிட்ட கொடுத்தேனா? இல்ல, கொடுக்கணும்னு நினைச்சு எங்கயாவது வெச்சுட்டேனா?"

தாள் என் இழுப்பறையில்தான் இருந்தது. போன வாரம்தான் சக ஊழியர் ஒருவரை இதே மாதிரி ஒரு கவனக்குறைவுக்காக எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். அந்த முகம் ஞாபகம் வந்தது. அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம் ஓடியது.

"நீங்க கொடுத்ததுல அது இருந்த மாதிரி தெரியலண்ணா" என்றேன்.

"அப்ப நான்தான்" என்றார்.

அன்று மாலையே அண்ணன் டார்ச் வீட்டுக்குப் போயிருக்கிறார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். மறந்துவிட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கிறார். "மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டாராம் டார்ச். பிறகு, "சரி சார்." அவ்வளவுதான். அதன்பின் மழை வந்தது, டார்ச் வரவில்லை. அண்ணன் கூப்பிட்டால் ஃபோனை எடுப்பதில்லை. இதெல்லாம் அவ்வப்போது என் காதுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே.

நான்கு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உன் அண்ணன் டாக்டர்கிட்ட போனது தெரியுமா? ஞாபக மறதின்னு. படம் காட்டி, கணக்குக் கேட்டு, என்னென்னவோ பண்ணாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இவர் நம்ப மாட்டேங்கிறார். வண்டி ஓட்டறத விட்டாச்சு. அடுத்த வருஷம் வேலையையும் விட்டுடறேங்கிறார். அவ்வளவு முக்கியமானத மறந்தவன் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போறேன்னு கேட்கிறார்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியல்.

"அண்ணா, அந்தத் தாள நீங்க கொடுத்தீங்க."

நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சதவீதக் குறியை, அடைப்புக்குறியை, அச்சகத்து ஃபோனை.

"கொடுத்தேனா?" என்றார். முகம் ஒரு கணம் மலர்ந்தே போயிற்று. "அப்ப கொடுத்திருக்கேன். அதானே! உன் மேஜைல வெச்சது எனக்கு நல்லா—" என்றவர் நிறுத்தினார். "உனக்கு எப்போ தெரியும்?"

"விழாவுக்கு மறுநாள்."

கையிலிருந்த சீட்டை நான்காக மடித்தார். மேலும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார்.

"மறக்காதத மறந்துட்டேன்னு அவர் மூஞ்சியப் பார்த்துச் சொன்னேன் பாப்பா. மெஷின் கோளாறுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து உன்ன ஓட்டியிருப்போம்."

அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அடுத்த நாள் அண்ணனும் நானும் டார்ச் வீட்டுக்குப் போனோம். அண்ணன் எழுதிய தாளையும், சதவீதக் குறிகளோடு இருந்த பழைய கோப்பின் அச்சுப்படியையும் எடுத்துப் போயிருந்தேன். நான்தான் பேசினேன். டார்ச் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார் கையெழுத்துதான்" என்றார் மனைவியைப் பார்த்து. பிறகு அண்ணனிடம், "நீங்க அவ்வளவு போட்டிருக்க வேணாம் சார்."

"இன்னும் நிறைய போட்டிருந்தேன். கிழிச்சிட்டேன்" என்றார் அண்ணன். இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மழை இன்னும் முழுசா முடியல. ரெண்டாம் பாகத்த ஆரம்பிச்சுடலாம். உங்க நோட்டையெல்லாம் எடுங்க."

டார்ச் அசையவில்லை. அவர் மனைவிதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டாருங்க."

"எல்லாத்தையுமா?"

"பதினோரு நோட்டு சார்" என்றார் டார்ச். "விழா முடிஞ்ச மூணாம் நாள். கோவத்துல. அப்புறம் ஓடிப் போய்க் கேட்டேன். லாரி ஏத்திட்டாங்க."

உள்ளே குக்கர் விசிலடித்தது. டார்ச் என் பக்கம் திரும்பினார். "மெஷின் பண்ணதப் புரிஞ்சுக்கலாம்மா. அதுக்கு என்னைத் தெரியாது. நீங்க எங்க ரெண்டு பேரையும் நாலு மாசமா பார்த்துட்டே இருந்தீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஏன் இடிக்கிறது என்று கேட்பவர் மாதிரி சொன்னார்.

நடந்ததைப் பதிப்பகத்தில் எழுதிக் கொடுத்தேன். கிடங்கில் மீதமிருந்த நூற்றிருபது பிரதிகளில் அந்தப் பத்தியைச் சீட்டாக அச்சிட்டு என் கையாலேயே ஒட்டினேன். நூலகங்களுக்குப் போனவை போனவைதான். கடிதம் எழுதினேன், சிலர் பதில் போட்டார்கள். அண்ணன் திரும்ப வண்டி ஓட்டுகிறார், வேலையையும் விடவில்லை. டார்ச் சாயங்காலங்களில் வருகிறார். இருவரும் உட்கார்ந்து, நோட்டில் இருந்தவற்றை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். சுவரெல்லாம் ஞாபகம் இருக்கிறது, தேதி இல்லை என்கிறார் டார்ச். தேதி இல்லாமல் எதற்கும் உதவாது என்கிறார் அண்ணன். இரண்டாம் பாகத்தைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

அண்ணன் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். போன மாதம் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று ஆய்விதழில் வந்தது. பக்கம் அமைத்தது யாரோ. அட்டவணை ஓரத்தைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டளையில் சரியாகியிருக்கும். ஃபோனை எடுத்தேன். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"நிஜமாவா?" என்று கேட்டார் அண்ணன்.