பால் நேரம்

…அழுவது அவனாக இருக்காது, அர்ஜுனன் அப்படி அழ மாட்டான், அதுதானே பயம், மூன்று மாதப் பிள்ளை பசித்தால் கத்த வேண்டாமா, லைன் வீடுகளையே கூட்ட வேண்டாமா, அவன் வாயைத் திறப்பான், ஒரு முனகல், பிறகு தூங்கிப்போவான்… திலகத்தின் விரல்கள் தம் பாட்டுக்குத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தன, காது மட்டும் அந்த அழுகையைத் துரத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளை விட்டு வரும் ஆயாக் கொட்டகை மலைக்குக் கீழே இருக்கிறது, அழுகையோ மேலே எங்கிருந்தோ கேட்கிறது, இந்தப் பனிமூட்டம் சத்தத்தைக்கூடத் தடம் மாற்றிவிடும், பொல்லாதது. போன வாரம் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் அவனைத் தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், அடுத்த வெள்ளிக்கும் எடை ஏறாவிட்டால் தாப்பா டவுன் ஆஸ்பத்திரிதான் என்றார், நாளைக்கு வெள்ளி. மூத்தவளும் இப்படித்தான், உப்புக் கரைகிற மாதிரி நாளுக்கு நாள் கரைந்தாள், கீழே தாப்பாவுக்குக் கொண்டுபோன லோரியில் அவளில்லாமல்தான் திரும்பி வந்தேன்… இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் இருக்கிற பாலும் வற்றிவிடும்.

கங்காணி காளியண்ணன் விசில் ஊதினார், “பால்காரப் பொம்பளைங்கெல்லாம் போய்ட்டு வாங்க, சட்டுனு வரணும்லா!” என்றார், கைப்பிள்ளைக்காரிகளுக்குக் காலையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தோட்டத்தில் பால் நேரம் என்பார்கள். திலகம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சறுக்குப் பாதையில் ஓடினாள், மற்றவர்கள் பின்னால் வரட்டும், முக்கியமாக அம்சவல்லி பின்னாலேயே வரட்டும், அவள் முகத்தில் விழிக்காமல் இருந்தால் போதும். தண்ணீர்க் குழாயில் யார் வாளி முந்தி என்று ஆரம்பித்த சண்டை, எங்கோ போய் எங்கோ நின்றது, மாரில் பாலில்லாதவளுக்கு வாயில் மட்டும் குறைச்சலில்லை என்றாளே பாவி, அத்தனை பேர் முன்னால், அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அவளுக்கென்ன, அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது. ஒருவேளை அவள் சொன்னது நிஜம்தானோ… என் உடம்பில்தான் குறையோ… அப்படியானால் மூத்தவளையும் நான்தான்…

கொட்டகைக்குள் ஈரத்துணி காயப் போட்ட அடுப்பின் புகை, வெளியே பனி, உள்ளே புகை, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆயா வடிவம்மாள் ஏணையிலிருந்து ஒரு பொட்டலத்தைத் தூக்கித் திலகத்தின் கையில் போட்டாள், “இந்தா உம் புள்ள, முழிச்சிட்டான்” என்றாள், சிவப்புக் கம்பளித் தொப்பி கண் வரைக்கும் இறங்கியிருந்தது. துரைசாணி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த தொப்பி, தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் இப்போது ஒரே தலை. திலகம் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மாராப்புக்குள் பிள்ளையை விட்டாள்… ஐயோ, என்ன இது, இப்படி இழுக்கிறானே, என் பிள்ளையா, முதுகுத் தண்டு வரைக்கும் சுண்டுகிறதே, மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்கிறதே, எப்போதடா கற்றுக்கொண்டாய், இத்தனை நாள் என்னை ஏன் அழ வைத்தாய்… நெஞ்சு முழுவதும் ஊசி குத்துவது போலக் கூசியது, மறுபக்கமும் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்து வயிற்றில் இறங்கியது, இவ்வளவு பாலா, எனக்குள்ளா, இத்தனையும் எங்கே இருந்தது? சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது, முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தொப்பியை மேலே தள்ளினாள்.

அம்சவல்லியின் பிள்ளை.

கன்னத்தில் அந்த மச்சம், அம்சவல்லியின் அதே அகல நெற்றி, கண்ணைச் சொருகிக்கொண்டு குடிக்கிறது. பிடுங்கி எறியத்தான் கை போனது… போன கை நின்றுவிட்டது, குடிக்கிற வாய்க்கு அந்தச் சண்டை தெரியுமா, பாலுக்குத்தான் தெரியுமா, ஒன்றும் தெரியாமல்தானே அது வந்து நிற்கிறது. அப்படியென்றால் பால் இருக்கிறது. இருந்தது. இழுக்கத்தான் அவனுக்குத் தெம்பில்லை… “ஆயா, எம் புள்ள எங்க?” “அந்தா தூங்குறான்… ஐயையோ, மாத்திக் குடுத்துட்டேனா, எல்லாம் ஒரே தொப்பிலா!” “வாங்கிக்காதீங்க ஆயா, இது குடிக்கட்டும். அவனையும் தூக்கிக் குடுங்க, சட்டுனு!” அர்ஜுனன் கனமே இல்லாமல் மறுபக்க மடிக்கு வந்தான், காய்ந்த உதட்டில் பால் தானாகச் சொட்டியது, அவன் நக்கினான், மெல்லப் பற்றினான், இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பக்கம் அது இழுக்க இழுக்க இந்தப் பக்கம் இவன் வாய் நிறைந்தது, ஒரு விழுங்கல், இன்னொரு விழுங்கல்… திலகம் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள், தன் உடம்பையே சாமி சிலையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. அம்சவல்லி. மூச்சிரைக்க நின்றாள், காலியான ஏணையைப் பார்த்தாள், திலகத்தின் மடியைப் பார்த்தாள். இப்போது சொல்லட்டுமே, மாரில் பாலில்லாதவள் என்று இப்போது சொல்லட்டுமே என்று திலகத்துக்குள் ஏதோ எழும்பியது, அதற்குள் அர்ஜுனனின் தலை மடியிலிருந்து சரியத் தொடங்கியிருந்தது. அம்சவல்லி வந்து எதிரே குந்தினாள், தன் பிள்ளையைத் தொடவில்லை, கொழுந்துப் பிசின் அப்பிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அர்ஜுனனின் பிடரியைத் தாங்கினாள். “தலைய ஒசத்திப் புடி, பொரையேறிடும்” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

மேலே விசில் ஊதினார்கள், இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை… இன்றைக்குக் குடித்துவிட்டான், சரி, மத்தியானத்துக்கு, ராத்திரிக்கு, நாளைக்குத் தராசு, அதற்குப் பிறகும் எத்தனையோ நாள், இந்தக் கொழுத்த பயல் அந்தப் பக்கம் இழுக்காவிட்டால் இவனுக்கு ஏது பால், அவளிடம் போய்க் கேட்க வேண்டும், உன் பிள்ளையைக் கொஞ்சம் கொடு என்று நான்தான் கேட்க வேண்டும், அதற்கு இந்த வாயைத் திறக்க என்னால் முடியுமா…